மழை கேட்ட முனிவர் புனித ஜோசப் வாஸ்

மழை பெய்தால்தான் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால்தான் நெல் விளையும். நெல் விளைந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். மதுராந்தகத்துப் பிள்ளைகளுக்கு இதை எந்தப் பாடநூலும் கற்றுத்தர வேண்டியதில்லை. சோழர் காலந்தொட்டு இவ்வூருக்குச் சோறு போடும் பெரிய ஏரியைப் பார்த்தே நாம் இதைக் கற்றுக்கொள்கிறோம். ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டால் வயல்கள் வெடிக்கும். கன்றுகாலிகள் வாடும். பெரியவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது எல்லாச் சமயத்தாரும் அவரவர் முறைப்படி மழைக்காக மன்றாடுவார்கள். நமக்கு அருகில் அச்சிறுபாக்கத்துக் குன்றின்மேல் அன்னை மரியாள் மழை மலை மாதா என்ற பெயரோடு வீற்றிருப்பதை நாம் அறிவோம். மழைக்காக இறைவனை அண்டிய மக்களின் ஏக்கம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ஆனால் மன்றாடும் நாம் எப்படி மன்றாடுகிறோம்? பாதி மனத்தோடு கேட்கிறோம். கிடைக்காது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்க, வாய் மட்டும் செபிக்கிறது. நாலு பேர் அறியக் கேட்டுவிட்டு, பிறகு கிடைக்காமற் போனால் வெட்கமாகப் போய்விடுமே என்று பயந்து மெதுவாகக் கேட்கிறோம். தந்தையிடம் பிள்ளை கேட்பதுபோல் உரிமையோடு கேட்கும்படி ஆண்டவர் நமக்குக் கற்பித்திருக்கிறார். நாமோ அறிமுகமில்லாத அதிகாரியிடம் மனு கொடுப்பவரைப்போல் தயங்கி நிற்கிறோம்.

ஏறக்குறைய முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், இலங்கையின் கண்டி மாநகரில் ஒரு குருவானவர் ஊரறிய, அரசரறிய மழை கேட்டார். அவர் அப்போது அந்த அரசரின் கைதியாயிருந்து பாதி விடுதலை பெற்றவர். தம் மக்கள் என்று சொல்லிக்கொள்ள அங்கே அவருக்கு இருந்தவர்கள் வெகு சிலர். அவர்தாம் இலங்கையின் அப்போஸ்தலர் என்று போற்றப்படும் புனித ஜோசப் வாஸ் அடிகளார். அவரது வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். துணிவான செபம் என்றால் என்ன என்பது அதில் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

ஜோசப் வாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவில் உள்ள பெனாலிம் என்ற ஊரில் பிறந்தார். அது அவருடைய தாயாரின் ஊர். தந்தையின் ஊர் சாங்க்வாலே. கிறிஸ்டோபர் வாஸ், மரிய மிராந்தா என்னும் பக்தியுள்ள பெற்றோருக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். கோவா அக்காலத்தில் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. ஆனால் இவரது குடும்பம் கொங்கணி பேசும் இந்தியக் குடும்பமே. சாங்க்வாலேயில் போர்த்துக்கீசிய மொழியும், பெனாலிமில் இலத்தீனும் படித்த சிறுவன், பின்னர் கோவா நகருக்குச் சென்று இயேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் உயர்கல்வி பெற்றார். 1676-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார். குருவான பிறகு ஏழைகளைப்போல் வெறுங்காலோடு நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1677-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், அவர் ஒரு பத்திரம் எழுதினார். வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ அன்று. தம்மை அன்னை மரியாளுக்கு என்றென்றும் அடிமையாக எழுதிக்கொடுத்த பத்திரம் அது. அடிமைக்குத் தனக்கென்று ஒன்றுமில்லை, எல்லாம் எசமானுக்கே. இப்படித் தம்மையே கொடுத்துவிட்டவருக்கு இழந்துபோவதற்கு வேறு என்ன இருக்கிறது? பின்னாளில் அவரிடம் நாம் காணும் துணிவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது.

முதலில் கிடைத்தது மறுப்பு

அக்காலத்தில் இலங்கையின் கத்தோலிக்கர் நிலைமை மிகப் பரிதாபமானது. 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் கத்தோலிக்க வேதத்தை வெறுத்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் யாவரும் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். ஒளிந்து தங்கும் குருவுக்கும் அவருக்கு இடங்கொடுப்பவருக்கும் மரண தண்டனை என்று சட்டம் செய்தார்கள். கோவில்கள் பறிபோயின. திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் நேரத்தில் அருகில் நின்று செபிக்க ஒரு குரு இல்லை. குருக்கள் விரட்டப்பட்ட ஆண்டில் பிறந்த பெண் குழந்தை வளர்ந்து, மணமாகி, தாயாகியும் ஒரு குருவானவரைக் கண்ணால் கண்டதில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த செபங்களும் மறைத்துவைத்த செபமாலையுந்தான் அவர்களுக்கு எஞ்சியிருந்த செல்வம்.

இச்செய்தி இளங்குருவான வாஸ் அடிகளாரின் நெஞ்சைப் பிளந்தது. தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு மேலதிகாரிகளை வேண்டினார். அவர்களோ 1681-ஆம் ஆண்டு அவரைக் கன்னட நாட்டிற்குத் தலைமைக் குருவாக அனுப்பினார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. மங்களூர், பசுரூர், கங்கொல்லி, குந்தாப்பூர் முதலிய ஊர்களில் மூன்றாண்டுகள் உழைத்தார். அங்கே திருச்சபை அதிகாரிகளுக்குள் இருந்த பிணக்கில் எந்தப் பக்கமும் சாய்ந்து சண்டையிடாமல், இரு தரப்பாரும் மதிக்கும்படி நடந்துகொண்டார்.

இதை நாம் கவனிக்க வேண்டும். வாஸ் அடிகளாரின் முதல் பெரிய வேண்டுதலுக்கு உடனே கிடைத்த பதில் மறுப்பே. கேட்டது கிடைக்கவில்லை என்று அவர் கேட்பதை நிறுத்தவுமில்லை, கொடுத்த வேலையைக் குறையாகச் செய்யவுமில்லை. கோவாவுக்குத் திரும்பியபின், பழைய கோவாவில் திருச்சிலுவைக் கோவிலில் கூடி வாழ்ந்த இந்தியக் குருக்கள் சிலரோடு சேர்ந்தார். 1685-ஆம் ஆண்டு அவர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். புனித பிலிப் நேரியாரின் முறையைப் பின்பற்றி எழுந்த கோவா ஒரத்தோரியன் சபை இதுவே. இந்தியக் குருக்களே கூடி அமைத்த சபை இது. இலங்கைக்கு இனி யார் போவார் என்ற கேள்விக்கு இச்சபைதான் பின்னாளில் பதிலாயிற்று.

கூலியாள் வேடத்தில்

1686-ஆம் ஆண்டு தலைமைப் பதவியைத் துறந்துவிட்டு வாஸ் அடிகளார் இலங்கைக்குப் புறப்பட்டார். அவரோடு புறப்பட்டவர்களுள் ஒருவர் ஜான் என்னும் பணியாள். கடைசிவரை அவரை விட்டுப் பிரியாத உண்மைத் தோழர் அவர். மேற்குக் கரை வழியாக நடந்தும் படகேறியும் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். குருவின் அங்கியை அணிந்து சென்றால் ஒல்லாந்தர் கையில் மரணம் நிச்சயம். ஆகவே கோவாவின் கௌரவமான குடும்பத்துப் பிள்ளை, இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கூலியாளைப்போல் 1687-ஆம் ஆண்டு கடல் கடந்தார். திருப்பலிக்கு வேண்டிய பாத்திரங்கள் மூட்டைக்குள் மறைந்திருந்தன.

கடல் கொந்தளித்தது, உணவும் நீரும் தீர்ந்தன. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. தொற்றுநோயோ என்று அஞ்சிய மக்கள் ஊருக்கு வெளியே விட்டுவிட்டார்கள். ஏழைப் பெண்மணி ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினாள் என்று சொல்லப்படுகிறது. அவள் பெயர் நமக்குத் தெரியாது. இலங்கைத் திருச்சபை மறுபடி உயிர் பெற்றதில் அவளது கஞ்சிக் கலயத்துக்கும் பங்கு உண்டு.

உடல் தேறியதும் அவர் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். எதற்காக? கத்தோலிக்கர் யார் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் காட்டிக்கொடுப்பவன் காதில் விழும். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மலர்கிறது, எந்தக் கண் கலங்குகிறது என்று பார்த்தே அவர் தம் மந்தையைக் கண்டுபிடித்தார். இப்படித்தான் ஒரு குடும்பம், பின்னர் ஒரு தெரு, பின்னர் சில்லாலை என்ற முழுக் கிராமம் அவருக்குத் தெரியவந்தது. சில்லாலையில் தங்கித் தமிழில் நன்கு தேர்ச்சி பெற்றார். இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்பார், விடியுமுன் திருப்பலி நிறைவேற்றுவார், விடிந்ததும் மறைந்துவிடுவார். நமது தாய்மொழியே அவர் அம்மக்களுக்கு வேதம் போதித்த மொழி என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

செய்தி ஒல்லாந்தருக்கு எட்டியது. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு, நள்ளிரவுத் திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த இடத்தைப் படைவீரர்கள் வளைத்தார்கள். அடிகளார் தப்பினார். ஆனால் மக்கள் பலர் பிடிபட்டார்கள். அடியும் அபராதமும் சிறையும் பெற்றார்கள். அடிபட்டு உயிர் நீத்தவரும் உண்டு. மேய்ப்பர் தப்பி, ஆடுகள் அடிபட்ட அந்த இரவு அவருக்கு எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! காப்பாற்றும்படி அவர்களும் மன்றாடித்தானே இருப்பார்கள்? இறைவன் எல்லாரையும் அன்று அற்புதமாய்க் காப்பாற்றிவிடவில்லை. புனிதர் வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய பக்கங்களைத் தாண்டிச் செல்லக் கூடாது.

சிறைக்குள் ஓர் ஆலயம்

1690-ஆம் ஆண்டு அவர் ஒல்லாந்தர் எல்லையைக் கடந்து, கண்டி அரசரின் ஆளுகைக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் தலைநகரான கண்டியை நோக்கி மலையேறினார். அங்கே ஆண்டவர் இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த மன்னர். ஆனால் அடிகளார் ஊருக்குள் நுழையுமுன்பே ஒரு பொய் நுழைந்துவிட்டது. இவர் குரு அல்லர், போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று, கத்தோலிக்க வேதத்தின்மேல் பகைகொண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் அரசரிடம் சொல்லிவைத்திருந்தார். அரசர் அடிகளாரையும் அவரோடு வந்த இருவரையும் 1692-ஆம் ஆண்டு சிறையிலிட்டார்.

அதே காலத்தில் நம் மறவர் சீமையில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். கடலுக்கு இப்பால் ஒருவர் இரத்தம் சிந்தினார். அப்பால் ஒருவர் சிறையில் இருந்தார். இருவரும் விடுதலைக்காக மன்றாடவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஒருவருக்கு விண்ணக வாயில் திறந்தது. மற்றவருக்குச் சிறைக் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. எந்தக் கதவைத் திறப்பது என்பது இறைவன் விருப்பம். நம்பிக்கையோடு தட்டுவதுதான் நம் பங்கு.

சிறையில் வாஸ் அடிகளார் சோம்பி இருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். நாள்தோறும் நீண்ட நேரம் முழந்தாளில் நின்றார். ஒற்றர் என்று ஐயுற்றுக் கண்காணிக்க வந்தவர்கள், செபிக்கின்ற ஒரு மனிதரைத்தான் கண்டார்கள். மெல்ல ஐயம் தளர்ந்தது. சிறை வளாகத்திலேயே ஒரு சிறு குடிசைக் கோவில் அமைக்க அனுமதி கிடைத்தது. முதலில் இரவில் பயந்து பயந்து வந்த கத்தோலிக்கர் பின்னர் பகலிலும் வரத் தொடங்கினார்கள். நகருக்குள் நடமாடும் உரிமையும் வந்தது. ஆனால் முழு விடுதலை வரவில்லை.

வானம் திறந்தது

1696-ஆம் ஆண்டு கண்டி நாட்டில் கொடிய வறட்சி ஏற்பட்டது. குளங்கள் வற்றின, பயிர்கள் கருகின, மக்கள் தவித்தார்கள். அரசர் தம் சமய முறைப்படி வேண்டுதல்கள் நடத்தச் செய்தார். மழை பெய்யவில்லை. நாள்கள் கடந்தன. கடைசியில், எந்நேரமும் செபத்தில் ஆழ்ந்திருக்கும் அந்தக் கத்தோலிக்க முனிவரும் தம் கடவுளிடம் கேட்கட்டும் என்று அரசர் சொல்லியனுப்பினார்.

அடிகளாரின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். வெளிப்படையாக மழை கேட்டு, மழை வராமற்போனால்? ஒற்றன் என்ற பழி ஏற்கெனவே இருக்கிறது. ஏமாற்றுக்காரன் என்ற பழியும் சேரும். திரும்பவும் சிறை, ஒருவேளை மரணம். அதைவிட, அவரை நம்பி வந்த ஏழை மந்தை ஏளனத்துக்கும் துன்பத்துக்கும் ஆளாகும். தனியாக என் அறையில் செபிக்கிறேன் என்று தந்திரமாகச் சொல்லியிருக்கலாம். மழை வந்தால் பெருமை. வராவிட்டால் யாருக்கும் தெரியாது. நம்மில் பலர் அதைத்தான் செய்திருப்போம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. எல்லாரும் பார்க்கத் திறந்த வெளியில் ஒரு பீடம் அமைத்தார். அதன்மேல் சிலுவையை நாட்டினார். அதன்முன் முழந்தாளிட்டு மன்றாடினார். கார்மேல் மலையில் எலியா இறைவாக்கினர் நின்ற காட்சி நம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாஸ் அடிகளார் யாரையும் எதிர்த்துப் போட்டிக்கு நிற்கவில்லை; யாரையும் ஏளனம் செய்யவில்லை. தம்மைச் சிறையில் வைத்த அரசருக்காக, தம் வேதத்தைச் சேராத உழவர்களுக்காக, அவர்களுடைய வயல்களுக்காக, வாய் பேசாத கால்நடைகளுக்காகக் கேட்டார்.

மழை கொட்டியது. அடிகளாரும் பீடமும் இருந்த இடம் மட்டும் நனையாமல் இருக்க, சுற்றிலும் பெருமழை பெய்தது என்று அவரது வரலாறு கூறுகிறது. அவருடைய ஒரத்தோரியன் சபையைச் சேர்ந்த செபஸ்தியான் தோ ரேகு என்ற குருவானவர் எழுதி, 1745-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சேறிய வரலாறே அவரைப் பற்றிய பழைய பெரும் நூல்.

அரசர் மனம் மாறியது. நாடெங்கும் சென்று வேதம் போதிக்க அடிகளாருக்கு முழு உரிமை அளித்தார். அரசர் கடைசிவரை பௌத்தராகவே இருந்தார்; ஆயினும் கிறிஸ்தவ ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கரைத் தம் நிழலில் காத்தார். அந்த அரசரின் பெருந்தன்மையை நன்றியோடு நினைப்பதும் நம் கடமை.

அற்புதம் நடக்காத ஆண்டு

மழை அற்புதத்தோடு கதை முடிந்திருந்தால் நாம் தவறான பாடம் கற்றிருப்போம். துணிந்து கேட்டால் கேட்டதெல்லாம் உடனே கிடைக்கும் என்று எண்ணியிருப்போம். அடுத்த ஆண்டே அந்தத் தவற்றைத் திருத்த வந்தது போல் ஒரு சோதனை வந்தது.

1697-ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் செல்வர்களும் நகரைவிட்டு வெளியேறினார்கள். நோயாளிகளை அவர்கள் வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். வானத்தைத் திறக்கச் செய்த முனிவர் இப்போதும் கைகளை உயர்த்தினால் நோய் மறைந்துவிடும் என்று மக்கள் எதிர்பார்த்திருக்கலாம். நோய் மறையவில்லை. மாதக்கணக்கில் நீடித்தது. அப்போது அவர் என்ன செய்தார்? உயர்த்திய கைகளை இறக்கி, அவற்றால் நோயாளிகளின் புண்களைக் கழுவினார்.

அக்காலத்தில் கோவாவிலிருந்து புதிய குருக்கள் வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அவருடைய உறவினரான ஜோசப் கர்வாலியோ அடிகளார். இருவருமாகக் கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசைகள் போட்டார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், மருந்திட்டார்கள், அழுக்கை அள்ளினார்கள், இறந்தவர்களைத் தோள்மேல் சுமந்து புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. நாள்தோறும் செபித்துக்கொண்டேதான் இவ்வளவையும் செய்தார்கள். மழை அவரைப் பற்றிய வியப்பைத் தந்தது; இந்தப் பணியோ அவர்மேல் அன்பைத் தந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், இரண்டும் ஒரே செபத்தின் இரண்டு பக்கங்கள் என்றே சொல்ல வேண்டும்.

அந்தப் புதிய குருக்களின் வருகையும் ஒரு செபத்தின் பலனே. 1687-இல் இலங்கைக்கு வந்தது முதல், அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பரந்த மந்தைக்கு அவர் ஒருவரே குரு. மழைக்கு விடை அன்றே வந்தது. இதற்கு விடை வரப் பத்தாண்டுகள் ஆயின. பின்னர் 1705-ஆம் ஆண்டு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல ஞான நூல்களை இயற்றி, இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்துக்கே அடித்தளமிட்டார். ஒரு விதை முளைக்கத் தாமதமானாலும் மரமானபின் அதன் நிழல் எவ்வளவு பெரியது பாருங்கள்!

அவர் கேட்டு, வாழ்நாளில் காணாததும் உண்டு. ஒல்லாந்தர் ஆண்ட கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கருக்கு விடுதலை கிடைப்பதை அவர் கண்டதில்லை. கண்டியில் அரசரின் மதிப்பைப் பெற்ற பின்னும், கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் அவர் மாறுவேடத்தில் மறைந்தே போய்வர வேண்டியிருந்தது.

பெருமையை வேண்டாதவர்

அவரது புகழ் கடல் கடந்து பரவியது. அவரை ஆயர் நிலைக்கு உயர்த்தத் திருச்சபை அதிகாரிகள் விரும்பினார்கள். அவரோ மறுத்துவிட்டார். மற்றவருக்காகக் கேட்கும்போது இவ்வளவு துணிவு காட்டியவர், தமக்கென்று ஒன்று தேடிவந்தபோது ஒதுங்கிக்கொண்டார்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இலங்கையின் காடு மலையெல்லாம் நடந்து தேய்ந்த உடல் 1710-ஆம் ஆண்டில் தளர்ந்தது. 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் தம் ஐம்பத்தொன்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கோவாவை விட்டுப் புறப்பட்டவர் மறுபடி தம் தாய்மண்ணைப் பார்க்கவேயில்லை.

1995-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். இலங்கைத் திருநாட்டின் முதல் புனிதர் அவரே. பட்டத்துக்கு வழக்கமாக வேண்டப்படும் இரண்டாம் அற்புதத்துக்குக் காத்திராமலே அவரைப் பீடத்தில் ஏற்றினார் பாப்பரசர். அன்று மாலையே அவர் தமிழரும் சிங்களரும் சேர்ந்து வணங்கும் மடு மாதா திருத்தலத்துக்கும் சென்றார். அவரது திருநாளான ஜனவரி 16 நமக்குப் பொங்கல் நாள்களிலேயே வருகிறது. மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொல்லும் நாள்களில் மழை கேட்ட முனிவரையும் நினைப்பது எவ்வளவு பொருத்தம்!

நாம் கற்பது என்ன?

அன்பு மாணவியரே, வாஸ் அடிகளாரிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தெளிவாகக் கேட்பது. அவர் மழை வேண்டுமென்று மழையையே கேட்டார். சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. நமக்கு வேண்டியது தேர்வில் மனத் தெளிவா, தந்தைக்கு வேலையா, வீட்டில் சமாதானமா, குடியை விட ஒருவருக்கு மனத் திடனா, அதைப் பெயர் சொல்லிக் கேட்போம். நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டியவனைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், வெட்கப்படாமல் தட்டியதைத்தானே அவர் மெச்சினார்?

இரண்டாவது, மற்றவருக்காகக் கேட்பது. நம்மைத் துன்புறுத்தியவருக்காகவும், நம் கோவிலுக்கு வராதவருக்காகவும் கேட்பது. வகுப்பில் நம்மோடு பேசாத தோழிக்காக ஒரு செபமாலை சொல்லிப் பாருங்கள். நமக்காகக் கேட்பதைவிட அது கடினம். அதனாலேயே அதற்குத் துணிவு வேண்டும்.

மூன்றாவது, கேட்ட பின் எழுந்து வேலை செய்வது. பாபிலோன் நாட்டுச் சூளையின்முன் நின்ற மூன்று இளைஞர்களை நினையுங்கள். கடவுள் தங்களைக் காப்பார் என்று நம்பினார்கள். காக்காவிட்டாலும் அவரை விடமாட்டோம் என்றும் உறுதியாயிருந்தார்கள். விசுவாசம் முழுமை பெறுவது இந்த இரண்டாம் பாதியில்தான். வாஸ் அடிகளார் மழையிலும் நன்றி சொன்னார். அம்மையிலும் நோயாளியை விட்டு ஓடவில்லை. செபித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்காத மாணவியும், புத்தகத்தையே நம்பிச் செபத்தை மறந்த மாணவியும் இந்த முனிவரிடம் ஒருங்கே பாடம் கேட்கலாம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். சில்லாலையிலும் யாழ்ப்பாணத்திலும் முப்பது ஆண்டுகள் வேதத்தை அணையாமல் காத்தவர்கள் குருக்கள் அல்லர். வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி மாலைச் செபம் சொன்ன தாய்மாரும் பாட்டிமாருமே. அடிகளார் வந்தபோது அவருடைய செபமாலையைக் கண்டு முகம் மலர வீடுகள் இருந்தன என்றால், அவ்வீடுகளில் யாரோ நாள் தவறாமல் செபித்திருந்தார்கள் என்பதே பொருள்.

வானம் திறப்பதும் திறவாததும் இறைவன் சித்தம். ஆனால் அவர் நம் தந்தை. நாம் அவர் பிள்ளைகள். ஆகவே தலைநிமிர்ந்து கேட்போம், தாழ்மையோடு காத்திருப்போம், கைகளால் உழைப்போம். புனித ஜோசப் வாஸ் அடிகளார் நம் பள்ளிக்காகவும், நம் குடும்பங்களுக்காகவும், நம் ஏரிக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக!